ஊசி நின்ற பிறகும் அணையாத பீடி

கனடாவின் தலைநகரான ஒட்டாவாவில் 100 பேரை எடுத்துக்கொண்டால், புகைப்பவர்கள் சுமார் 9 பேர். அதே ஊரின் நடுப்பகுதியில், வீடற்றோர் விடுதிகளிலும் தெருவோரத்திலும் காலம் தள்ளியபடி போதைப்பொருள் எடுத்துவரும் மக்களிடையே கேட்டால் 96 பேர். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்துத் திடுக்கிட்டவர் ஒட்டாவா மருத்துவமனையின் நுரையீரல் மருத்துவர் ஸ்மிதா பகாலே. வரியை ஏற்றி, விளம்பரத்தைத் தடுத்து, பெட்டிமீது புண்ணான வாயின் படத்தை அச்சிட்டு, ஒரு நாடு பல பத்தாண்டுகள் போராடிப் பெற்ற வெற்றி, அந்தச் சில தெருக்களுக்குள் மட்டும் நுழையவே இல்லை.

இது ஒட்டாவாவோடு நிற்கும் கதையும் இல்லை. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஹெராயின் போன்ற அபின்வகைப் போதைக்குச் சிகிச்சை எடுப்பவர்களைக் கணக்கெடுத்த ஆய்வுகள் பெரும்பாலும் பத்தில் எட்டு, ஒன்பது பேர் புகைக்கிறார்கள் என்றே சொல்கின்றன. நம் ஊரில் எண் தேடிப் போக வேண்டியதில்லை. ஏதாவது ஒரு போதை மறுவாழ்வு மையத்தின் பின்பக்கத் திண்ணையையோ, எதிரில் இருக்கும் டீக்கடையையோ பத்து நிமிடம் பார்த்தால் போதும். "ஊசியையே விட்டுட்டான், பீடியாவது பிடிச்சுட்டுப் போகட்டும்" என்று அம்மா சொல்வார், அண்ணன் சொல்வார், மையத்தில் வேலை பார்ப்பவரும் சொல்வார். அன்பில் வரும் பேச்சுதான். எல்லாவற்றையும் இழந்துவிட்டு நிற்கும் ஒருவனிடம் இதையும் பறிப்பதா என்ற இரக்கம். அந்த இரக்கத்துக்கு எத்தனை உயிர் விலையாகப் போயிருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் மினசோட்டா. அமெரிக்காவின் அந்த மாநிலத்தில், ஒரே மாவட்டத்தைச் சேர்ந்த 845 பேர் 1972-க்கும் 1983-க்கும் இடையில் குடிப்பழக்கத்துக்கும் பிற போதைகளுக்கும் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றார்கள். பிற்பாடு அவர்களில் 222 பேர் இறந்துபோனது தெரிந்தது. அவர்களில் இறப்புச் சான்றிதழ் கிடைத்தவர்களுக்கு ஆராய்ச்சியாளர்கள் காரணம் பார்த்தார்கள். குடி தொடர்பான சாவு மூன்றில் ஒரு பங்கு. புகையிலை தொடர்பான சாவு பாதிக்குச் சற்று மேல். 1996-ல் இந்த முடிவு வெளிவந்தது. குடியிலிருந்து மீட்பதற்காக மருத்துவமனை எடுத்த பாடெல்லாம் உண்மை. ஆனால் அந்த வார்டின் வாசலிலேயே பாதி பேரைக் கொல்லப்போகிறவன் நின்றுகொண்டிருந்தான், யாரும் அவனை ஏன் என்று கேட்கவில்லை.

குடிநோயாளிகள்தானே அவர்களில் அதிகம், ஊசி போடுபவர்கள் கதை வேறு என்று தோன்றலாம். கலிஃபோர்னியாவில் ஹெராயினுக்கு அடிமையாகியிருந்த ஆண்களை 24 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 1994-ல் வெளிவந்தது. அவர்களுக்குள்ளேயே சிகரெட் பிடித்தவர்களின் இறப்பு விகிதம், பிடிக்காதவர்களுடையதைப் போல நான்கு மடங்கு இருந்தது. ஹெராயின் இருபக்கமும் பொது. வித்தியாசம் புகையில்தான்.

உடலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் இது வியப்பாக இருக்காது. அபின்வகை மருந்து மூச்சை மந்தப்படுத்தும். அதனால்தான் அளவு மிஞ்சினால் மூச்சு நின்று சாவு வருகிறது. புகையால் ஏற்கெனவே பாழான நுரையீரலுக்கு அந்த மந்தத்தைத் தாங்கும் தெம்பு குறைவு. ஹெராயினை அலுமினியத் தாளில் சூடாக்கிப் புகையாக இழுப்பவர்களுக்கு இந்தச் சேதம் இரட்டிப்பாகிறது. புகை இரத்த நாளங்களைச் சுருக்கும், புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். ஊசி குத்திக் குத்தி நரம்பெல்லாம் கட்டிப்போய், கையிலும் காலிலும் சீழ்க்கட்டியோடு இருப்பவருக்கு அதன் பொருள் என்ன என்பதை, தினமும் அந்தப் புண்ணுக்கு மருந்து கட்டும் நர்ஸிடம் கேட்டால் சொல்வார். காசநோய் வரும் வாய்ப்பைப் புகை ஏறக்குறைய இரு மடங்காக்குகிறது. சிறைக்கும் தெருவுக்கும் இடையே அலையும் வாழ்க்கையில் காசம் ஏற்கெனவே பக்கத்துப் பாயில்தான் படுத்திருக்கிறது.

எச்.ஐ.வி.யைப் பற்றி டென்மார்க்கில் 2013-ல் வந்த ஒரு கணக்கு என் மனத்தைவிட்டு நீங்காதது. நல்ல சிகிச்சை கிடைக்கும் அந்த நாட்டில், 35 வயதில் எச்.ஐ.வி.யோடு இருக்கும் புகைபிடிப்பவர் சராசரியாக 62 வயதைத் தாண்டி அதிகம் போவதில்லை. புகைக்காதவர் 78 வரை வாழ்கிறார். வைரஸ் பறித்த ஆண்டுகளைவிடப் புகை பறித்தவை இரு மடங்குக்கும் மேல். அந்த ஆய்வு ஊசி போடுபவர்களைக் குறித்துத் தனியாகச் செய்யப்பட்டதல்ல. ஆனால் ஊசி வழியாக எச்.ஐ.வி. பெற்று, மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, "வைரஸ் அளவு சுத்தமா இறங்கிடுச்சு" என்ற நல்ல செய்தியோடு வெளியே வந்து ஒரு பீடியைப் பற்றவைக்கும் மனிதருக்கு இதை யாராவது சொல்ல வேண்டாமா?

ஒன்றை இங்கே ஒப்புக்கொண்டாக வேண்டும். ஃபென்டனில் என்ற கடும் வீரியமுள்ள செயற்கை அபின்வகைப் பொருள் கலந்த சரக்கு பரவிய பிறகு வட அமெரிக்காவில் அளவு மிஞ்சிய சாவுகள் குவிந்தன. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம் 2016 ஏப்ரலில் பொது சுகாதார அவசரநிலையே அறிவித்தது. இன்றிரவு மூச்சு நிற்கக்கூடிய ஒருவருக்கு முதலில் வேண்டியது நின்ற மூச்சை மீட்கும் நாலோக்சோன் மருந்தும், சுத்தமான ஊசியும், போதைக்குப் பதிலாகத் தரும் மாற்று மருந்தும்தான். அதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. ஆனால் அந்த உதவிகள் வேலை செய்யும்போது மக்கள் பிழைக்கிறார்கள். பிழைத்தவர்களுக்கு நாற்பது வயதாகிறது, ஐம்பதாகிறது. அப்போது மாரடைப்பும் புற்றுநோயும் மூச்சிறைப்பும் வந்து நிற்கின்றன.

கைகோர்த்த இரண்டு போதைகள்

இவர்களுக்கு மட்டும் புகையை விடுவது ஏன் இவ்வளவு கடினம்? மன உறுதி இல்லாதவர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. ஹெராயினை விட்டு மீண்ட ஒருவரிடம் மன உறுதி இல்லை என்று சொல்ல நமக்கு என்ன தகுதி இருக்கிறது என்று தெரியவில்லை.

உண்மையான காரணத்தின் ஒரு பகுதி மூளையில் இருக்கிறது. இழுத்த புகையிலிருந்து நிகோட்டின் 10 முதல் 20 விநாடிக்குள் மூளையை எட்டுகிறது. அங்கே அது இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைனைச் சுரக்க வைப்பதோடு, உடல் தானாகவே தயாரிக்கும் அபின் போன்ற பொருள்களையும் கிளறிவிடுகிறது. ஆகவே நிகோட்டினும் ஹெராயினும் தட்டுவது கிட்டத்தட்ட ஒரே கதவை. ஒன்று கிடைக்காத நேரத்தில் மற்றது கொஞ்சம் ஆற்றிக் கொடுக்கும். ஒன்று கிடைத்த நேரத்தில் மற்றதன் ருசி கூடும். ஆய்வகத்தில் தன்னார்வலர்களுக்கு ஹெராயினோ, அதற்கு மாற்றாகத் தரும் மெத்தடோன் மருந்தோ கொடுத்துப் பார்த்தபோது அவர்கள் பற்றவைத்த சிகரெட்டுகளின் எண்ணிக்கை கூடியது. மெத்தடோன் சிகிச்சையில் இருப்பவர்களின் நாளைக் குறித்து வைத்துப் பார்த்தால், மருந்து உச்சத்துக்கு ஏறும் அந்தச் சில மணி நேரத்தில்தான் சிகரெட்டுகள் நெருக்கமாக எரிகின்றன.

இது மருத்துவர்களுக்கு ஒரு சங்கடமான செய்தி. ஊசியிலிருந்து மீட்க நாம் தரும் மருந்தே புகையின் மீதான ஆசையைக் கொஞ்சம் தூண்டிவிடுகிறது. அதற்காக மெத்தடோனையோ பியூப்ரெனார்ஃபினையோ குறைக்கச் சொல்லிவிடக் கூடாது. அவை உயிர்காக்கும் மருந்துகள். அந்த மருந்தோடு சேர்த்தே புகையை விடுவதற்கான சிகிச்சையும் திட்டமிடப்பட வேண்டும் என்பதுதான் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது.

இன்னொரு பகுதி வாழ்க்கையில் இருக்கிறது. தெருவில் வாழ்பவருக்குச் சிகரெட் ஒரு சில்லறை நாணயம் மாதிரி. ஒன்றைக் கேட்டு வாங்கலாம், ஒன்றைக் கொடுத்து நட்பு பிடிக்கலாம், பாதி இழுத்து மீதியைக் கைமாற்றலாம். பசியை அமுக்கும், குளிரில் கைக்குச் சூடு தரும், வரிசையில் காத்திருக்கும் நேரத்தைக் கொல்லும். சுற்றி இருக்கும் எல்லோரும் புகைக்கும் இடத்தில் ஒருவர் மட்டும் விடுவது, கல்யாணப் பந்தியில் ஒருவர் மட்டும் விரதம் இருப்பதைப் போல. மனச்சோர்வும் நாள்பட்ட வலியும் வேறு சேர்ந்துகொள்கின்றன. நிகோட்டின் வலியைச் சிறிது நேரம் மழுக்கும் என்பதால், வலி உள்ளவர் புகையில் மருந்தைத் தேடுகிறார்.

"ஒவ்வொன்றாக விடலாம்"

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற குடிமீட்பு இயக்கத்தை 1935-ல் தொடங்கிய இருவரில் ஒருவர் பில் வில்சன். லட்சக்கணக்கானவர்களுக்கு அந்த இயக்கம் வாழ்வு கொடுத்தது. வில்சன் கடைசிவரை குடிக்காமல்தான் இருந்தார். 1971 ஜனவரியில் நுரையீரல் வீக்க நோயும் நிமோனியாவும் சேர்ந்து அவர் உயிரைக் கொண்டுபோயின. பல ஆண்டு புகைத்ததன் பலன். அந்த இயக்கத்தின் கூட்டங்கள் நெடுங்காலம் காப்பி வாசமும் சிகரெட் புகையும் நிறைந்த அறைகளிலேயே நடந்தன.

அந்தப் பழக்கத்தின் பின்னால் ஒரு நம்பிக்கை இருந்தது: ஒரு நேரத்தில் ஒன்றை விட்டால் போதும், இரண்டையும் சேர்த்துப் பிடுங்கினால் ஆள் பழைய போதைக்கே ஓடிவிடுவான். கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் சோதித்துப் பார்த்தபோது அது நிற்கவில்லை. போதைச் சிகிச்சையின்போதே புகையை விடவும் உதவி கொடுத்த ஆய்வுகளைத் திரட்டி 2004-ல் வெளிவந்த தொகுப்பில், அந்த உதவி பெற்றவர்கள் குடியிலிருந்தும் போதையிலிருந்தும் நீண்டகாலம் விலகி இருக்கும் வாய்ப்பு 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது. 2016-ல் காக்ரேன் அமைப்பு இன்னும் பெரிய தொகுப்பைச் செய்தது. 5,700-க்கும் மேற்பட்டவர்களின் தரவு. அதன் முடிவு அடக்கமானது: புகையை விட உதவுவதால் போதை மீட்சிக்கு நன்மையும் பெரிதாகக் கூடவில்லை, தீமையும் வரவில்லை, புகையை விடுவோர் எண்ணிக்கை மட்டும் கூடியது. இரண்டில் எதை ஏற்றாலும், "இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம்" என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அந்தப் "பிறகு" பெரும்பாலும் வருவதும் இல்லை. சிகிச்சை முடிந்து போனவரை யாரும் திரும்பக் கூப்பிட்டுப் புகையைப் பற்றிக் கேட்பதில்லை.

சொல்லத் தயங்கும் ஒரு விஷயமும் உண்டு. போதை சிகிச்சை மையங்களில் வேலை செய்பவர்களில் கணிசமானோர் புகைப்பவர்கள். பலர் தாங்களே அந்தப் பாதையில் நடந்து மீண்டவர்கள். ஆலோசகரும் நோயாளியும் சேர்ந்து புகைக்கும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் மனம்விட்டுப் பேச முடிகிறது என்பார்கள். நியூயார்க் மாநிலம் 2008 ஜூலையில், தான் பணம் தரும் எல்லாப் போதை சிகிச்சை மையங்களும் புகையற்றதாக இருக்க வேண்டும், நிகோட்டின் சிகிச்சையும் தர வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. அமெரிக்காவில் முதலில் இதைச் செய்த மாநிலம் அதுதான். அங்கே ஊழியர்களிடமும் நோயாளிகளிடமும் புகைப்பது குறைந்ததைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஆனால் தடையை மட்டும் போட்டு மருந்தைத் தராத மையங்களில் என்ன ஆகும் என்பதை ஊகிக்கலாம்: மனிதர் பீடிக்காகச் சுவரேறிக் குதிப்பார், அப்படியே ஊசி விற்பவரிடமும் போய் நிற்பார். தடைக்கு முன்னால் மருந்து வர வேண்டும்.

நாம் இவர்களை மறந்துவிட்டோம். சிகரெட் கம்பெனிகள் மறக்கவில்லை. ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் நிறுவனம் 1990-களின் நடுவில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஓரினச் சேர்க்கையாளர்களையும் வீடற்றவர்களையும் குறிவைத்து ஒரு விற்பனைத் திட்டம் தீட்டியது. அதற்கு அவர்கள் வைத்த பெயர்ச் சுருக்கம் 'ஸ்கம்'. கசடு என்று பொருள். வழக்குகளின் வழியாக உள் ஆவணங்கள் வெளியே வந்தபோது உலகம் இதைத் தெரிந்துகொண்டது. வீடற்றோர் விடுதிகளுக்கும் மனநல மருத்துவமனைகளுக்கும் சிகரெட்டுகளை இலவசமாகக் கொடுத்த பதிவுகளும் அந்த ஆவணங்களில் இருக்கின்றன. எனக்கு இதைப் படிக்கும்போது வரும் கோபத்தை மறைக்க விருப்பமில்லை.

மருந்து என்ன செய்யும், என்ன செய்யாது

விட விரும்புகிறார்களா என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். விரும்புகிறார்கள். மெத்தடோன் மையங்களில் கேட்டபோதெல்லாம் பெரும்பாலோர் விட ஆசை என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், பலர் முயன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்கப்படவில்லை என்பதுதான் குறை.

மருந்துகள் நமக்குத் தெரிந்தவைதான். தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டை, நிகோட்டின் சூயிங்கம், வாயில் கரையும் மிட்டாய், பியூப்ரோபியான், வரெனிக்ளின். இவற்றோடு, பல்கேரியாவில் 1964 முதல் மாத்திரையாக விற்கப்பட்டு வந்த சைட்டிசின். உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல் இவற்றையெல்லாம் பரிந்துரைக்கிறது. வரெனிக்ளின் மனநலத்தைக் குலைக்கும் என்று ஒரு பயம் இருந்தது. அமெரிக்காவில் 2009 முதல் அதன் உறையில் கடும் எச்சரிக்கை அச்சிடப்பட்டது. 8,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய பெரிய ஆய்வு 2016-ல் அந்தப் பயத்தைப் போக்கியது, எச்சரிக்கையும் நீக்கப்பட்டது. அந்தப் பழைய பயத்தை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும் மருத்துவர்கள் உண்டு.

இந்த மருந்துகளை ஊசிப் போதையிலிருந்து மீள்பவர்களுக்குக் கொடுத்தால் என்ன ஆகிறது? நேர்மையாகச் சொன்னால், எண்கள் சிறியவை. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் மெத்தடோன் எடுத்துவந்த 112 பேரிடம் வரெனிக்ளினைச் சோதித்தார்கள். 12 வாரத்தில் மருந்து பெற்றவர்களில் பத்தில் ஒருவர் விட்டிருந்தார். வெற்று மாத்திரை பெற்றவர்களில் ஒருவர்கூட இல்லை. சில மாதம் கழித்துப் பார்த்தபோது அந்த இடைவெளியும் கரைந்துவிட்டது. ரோட் ஐலண்ட் மாநிலத்தில் 315 பேரிடம் செய்த ஆய்வில், ஆறு மாத முடிவில் வரெனிக்ளின் குழுவில் 4 விழுக்காட்டுக்கும் குறைவு, நிகோட்டின் பட்டையும் வாய்வழி நிகோட்டினும் சேர்த்துப் பெற்ற குழுவில் 8.

இதைப் படித்து "பார்த்தீர்களா, பயனில்லை" என்று மூட்டைகட்டுபவர்களோடு நான் உடன்படவில்லை. ஹெராயினை முதல் முயற்சியில் விட்டவர் எத்தனை பேர்? அங்கே நாம் பத்து முறை கதவைத் திறந்து வைக்கிறோம், விழுந்தால் தூக்கிவிடுகிறோம், மாற்று மருந்தை ஆண்டுக்கணக்கில் கொடுக்கிறோம். புகைக்கு மட்டும் 12 வாரம் மாத்திரை கொடுத்துவிட்டுக் கணக்கை முடித்துக்கொள்கிறோம். சிகிச்சை தோற்றது என்பதைவிட, போதாமல் போனது என்று சொல்வதே சரி.

போதாமை பெரும்பாலும் அளவில் இருக்கிறது. எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் புகையை இழுப்பவருக்குப் பட்டை மட்டும் போதாது. பட்டையோடு கம்மோ மிட்டாயோ சேர வேண்டும். இப்படிச் சேர்த்துக் கொடுப்பது ஒன்றை மட்டும் தருவதைவிட மேலானது என்பது நிறுவப்பட்ட உண்மை. கம்மை மெல்லும் முறையையும் யாரும் சொல்லித் தருவதில்லை. மிட்டாய் போல விடாமல் மென்றால் நிகோட்டின் வயிற்றுக்குப் போய்க் குமட்டும். நாலைந்து முறை மென்று, காரம் ஏறியதும் கன்னத்தோரம் ஒதுக்கிவைக்க வேண்டும். டீயோ காப்பியோ குடித்த உடனே போடக் கூடாது. பல் ஆடிப்போனவர்களால், பல்லே இல்லாதவர்களால் மெல்ல முடியாது. ஊசிப் போதையில் பல ஆண்டு இருந்தவர்களின் வாயைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். விட்ட முதல் வாரத்தில் டீ, காப்பியைக் குறைக்கச் சொல்வதும் அவசியம். புகை கல்லீரலைத் துரிதப்படுத்தி காஃபீனை வேகமாக வெளியேற்றும். புகை நின்றதும் அதே நாலு டீ இரு மடங்காக வேலை செய்து படபடப்பும் தூக்கமின்மையும் தரும். அவர் அதைப் புகை விட்டதன் வேதனை என்று நினைத்துப் பெட்டிக்கடைக்குப் போய்விடுவார். மனநோய்க்கு குளோசபினோ ஒலான்சபினோ சாப்பிடுபவர்களுக்கு இதே காரணத்தால் மருந்தின் அளவையே மருத்துவர் திருத்த வேண்டியிருக்கும்.

பிராங்க்ஸ் ஆய்வாளர்கள் பிறகு ஒரு எளிய காரியம் செய்தார்கள். மெத்தடோன் வாங்க வருபவருக்கு அதே ஜன்னலில், அதே கையால், கண்முன்னே வரெனிக்ளினையும் கொடுத்தார்கள். மாத்திரை ஒழுங்காக உள்ளே போவது கூடியது. வெர்மாண்டில் வேறொரு வழி: தினமும் மூச்சில் கார்பன் மோனாக்சைடை அளந்து, புகைக்காத நாளுக்குப் பொருள் வாங்கும் சீட்டு. அது நடந்த இரண்டு வாரத்தில் பலர் விட்டார்கள். சீட்டு நின்றதும் பலர் திரும்பினார்கள். முடியும் என்பதற்கு அது சாட்சி. எவ்வளவு நாள் துணை தேவை என்பதற்கும் அதுவே சாட்சி.

ஒட்டாவாவுக்குத் திரும்புவோம். பகாலேயின் குழு 'பிராம்ப்ட்' என்ற ஆய்வைத் தொடங்கியபோது, மருத்துவமனையில் உட்கார்ந்து நோயாளி வரட்டும் என்று காத்திருக்கவில்லை. அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர்களையே பயிற்சி கொடுத்து ஆய்வாளர்களாகச் சேர்த்துக்கொண்டார்கள். யாரிடம் எப்படிப் பேசுவது, எந்தக் கேள்வி அவமதிப்பாகப் படும், எந்த இடத்தில் கூடினால் வருவார்கள் என்பதையெல்லாம் முடிவு செய்ததில் அவர்களுக்குப் பங்கிருந்தது. சேர்ந்த 80 பேருக்கும் நிகோட்டின் மருந்து இலவசம், ஆலோசனை, நுரையீரல் சோதனை. "முதலில் போதையை விட்டுவிட்டு வா" என்ற நிபந்தனை கிடையாது. ஆறு மாத முடிவில் நாளொன்றுக்குச் சராசரியாக 20-ஆக இருந்த சிகரெட் 9-ஆகக் குறைந்திருந்தது. மூச்சுச் சோதனையில் உறுதிசெய்து பார்த்ததில் சுமார் 16 விழுக்காட்டினர் விட்டிருந்தார்கள். சேர்ந்தவர்களில் பலரைக் கடைசிவரை பின்தொடர முடியவில்லை, ஒப்பிட வேறு குழுவும் இல்லை. ஆகவே இதை மந்திரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் ஒரு விவரம் என்னை நிறுத்தியது. யாரும் கேட்காமலேயே சிலர் ஹெராயின், ஃபென்டனில் போன்றவற்றையும் குறைத்துக்கொண்டதாகச் சொன்னார்கள். தன் நுரையீரலைப் பற்றி ஒருவர் அக்கறையாகக் கேட்டதும், தன் உடம்பு காப்பாற்றத் தக்கது என்று அந்த மனிதருக்கு ஒருவேளை தோன்றியிருக்கலாம். அது என் ஊகம்தான்.

மின்சிகரெட்டைப் பற்றிச் சுருக்கமாக. இங்கிலாந்து அதைப் புகைப்பவர்களுக்கு இலவசமாகவே தரும் திட்டத்தை 2023-ல் அறிவித்தது. இந்தியா 2019-ல் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. ஊசியைச் சுத்தமாக்கித் தருவது போலப் புகையையும் பாதுகாப்பாக்கித் தரலாம் என்ற வாதத்தில் தர்க்கம் இருக்கிறது. ஆனால் நம் ஊரில் அந்தக் கதவு மூடியிருப்பதால், திறந்திருக்கும் கதவுகளைப் பற்றிப் பேசுவதே பயன்.

நம் ஜன்னல்

இந்தியாவில் ஊசி மூலம் போதைப்பொருள் எடுப்பவர்கள் சுமார் 8.5 லட்சம் என்று 2019-ல் மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்திய ஆய்வு மதிப்பிட்டது. நாட்டிலேயே எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்ட ஊர் சென்னை, 1986-ல். பிரவுன் சுகர் என்ற கலப்பட ஹெராயினும், மாற்று மருந்தான பியூப்ரெனார்ஃபினும் முறைகேடாக ஊசியில் ஏறிய கைகளைச் சென்னை பல பத்தாண்டுகளாக அறியும். இப்போது வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றும் இளம்பிள்ளைகளைப் பற்றி மாவட்டந்தோறும் செய்தி வருகிறது. இவர்களுக்கான மாற்று மருந்துச் சிகிச்சை, ஓ.எஸ்.டி. என்று எல்லோரும் சொல்வது, எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் நடக்கிறது. ஊசி, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வைரஸ் எல்லாவற்றுக்கும் அங்கே பதிவேட்டில் இடமுண்டு. புகையிலைக்கும் அதே பதிவேட்டில் ஒரு கட்டமும், அதே அலமாரியில் ஒரு மருந்தும் வேண்டும்.

நம் சூழலுக்குச் சில தனிச் சிக்கல்கள் உண்டு. இங்கே கையில் இருப்பது பெரும்பாலும் பீடி. அதன் இலை சீக்கிரம் அணைந்துவிடுவதால் விடாமல், ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. நிகோட்டினும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டைவிடக் குறைந்துவிடுவதில்லை. "ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்?" என்ற படிவக் கேள்விக்கு "சிகரெட்டே கிடையாதுங்க" என்று பதில் வரும், அது உண்மையும்கூட, சட்டைப் பையில் ஒரு கட்டு பீடி இருக்கும். பீடியை விட்டவர் உதட்டுக்குள் ஹான்ஸையோ கூல் லிப்பையோ ஒதுக்கிக்கொண்டால் அதையும் கேட்டாக வேண்டும். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் கிடைப்பது 2 மி.கி. நிகோட்டின் கம், கடுமையாகப் புகைப்பவருக்குத் தேவைப்படுவது 4 மி.கி. பலர் 2 மி.கி. வாங்கி இரண்டு நாள் மென்றுவிட்டு "இதெல்லாம் வேலைக்காகாது" என்று எறிந்துவிடுகிறார்கள். பட்டையை வியர்வை கழற்றிவிடும், அதனால் காய்ந்த தோலில் அழுத்தி ஒட்டக் கற்றுக்கொடுக்க வேண்டும். நிகோட்டின் மாற்று மருந்து 2022-ல் திருத்தப்பட்ட தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது. பட்டியலிலிருந்து மருந்து அந்த ஜன்னலுக்கு வருவதுதான் மிச்சம். பீடிக் கட்டிலும் சிகரெட் பெட்டியிலும் 2018 முதல் அச்சாகிவரும் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் தமிழிலும் பேசலாம். ஆனால் போனை அடகு வைத்துவிட்டவருக்கு, வாரம் ஒருமுறை போன் தொலைப்பவருக்கு, அந்த எண் எட்டாது. அவருக்கு எட்டும் இடம் ஓ.எஸ்.டி. மையம் ஒன்றுதான். தினமும் அங்கே வருகிறார்.

அங்கே ஒரு பொன்னான இடைவேளை இருக்கிறது. பியூப்ரெனார்ஃபின் மாத்திரையைப் பொடித்து நாக்கின் அடியில் வைத்துவிட்டு, கரையும்வரை ஐந்து, பத்து நிமிடம் கண்பார்வையில் உட்கார வைப்பார்கள். மருந்துக்கு முன்னும் பின்னும் கொஞ்ச நேரம் புகைக்காமல் இருந்தால் அது நன்றாக உள்ளே போகும் என்றும் சொல்லி வைப்பது வழக்கம். புகையை விடும் பேச்சு அந்த வார்த்தையிலிருந்தே தொடங்கலாம். கட்டுரையும் உபதேசமும் வேண்டாம். "அண்ணே, காலைல கண்ணு முழிச்சு எத்தனை நிமிஷத்துல முதல் பீடி?" என்று நர்ஸ் கேட்டால் போதும். வாயைத் திறக்க முடியாது, மருந்து கரைந்துகொண்டிருக்கிறது. அவர் கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்துக் காட்டுவார்.